படத்தை ஒலியாக்கிச் சொல் பிடிப்பது: தமிழில் படப்புதிர் அமைக்க முழு வழிகாட்டி

ஒரு முள்ளின் படம். பக்கத்தில் தரை வரை தொங்கும் ஓர் அங்கி. நடுவில் கூட்டல் குறி. விடை: முள்ளங்கி. முள்ளுக்கும் முள்ளங்கிக்கும் உறவு கிடையாது, அங்கிக்கும் கிடையாது. இரண்டு படங்களின் பொருளையும் தள்ளிவிட்டு, பெயர்களின் ஒலியை மட்டும் எடுத்து ஒட்டினோம். படப்புதிர் என்று இங்கே நான் சொல்வது இதைத்தான்.

தேன் சொட்டும் படத்தையும் ஈயையும் போட்டு 'தேனீ' என்று கேட்பதும் படப்புதிர் என்ற பெயரில்தான் சுற்றுகிறது. அதில் ஒலியோடு பொருளும் சேர்ந்தே வந்துவிடுவதால் யோசிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூமாலை, வானொலி, தீப்பெட்டி எல்லாம் இந்த ரகம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் 'தலையணை' மாதிரி சில சொற்கள் உண்டு. ஒரு தலையை வரைந்து, அடுத்து மதகு திறந்து தண்ணீர் கொட்டும் ஓர் அணையை வரையுங்கள். சொல்லின் உண்மையான பிரிப்பும் தலை + அணைதான். ஆனால் அணைக்கட்டைப் பார்க்கும் கண்ணுக்குத் தூக்கம் நினைவுக்கு வராது. அந்தத் திசைதிருப்பல் இருந்தால் போதும், புதிர் பிழைத்துக்கொள்ளும்.

கொஞ்சம் பின்கதை

எழுத்து வளர்ந்த கதையிலேயே இந்தத் தந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாட்டை வரையலாம், கதிரை வரையலாம். ஒரு மனிதனின் பெயரை எப்படி வரைவது? எகிப்தில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட நார்மர் பலகையில் அரசனின் பெயர் ஒரு கெளிற்று மீனாலும் ஓர் உளியாலும் எழுதப்பட்டிருக்கிறது. மீனின் பெயர் 'நார்', உளியின் பெயர் 'மெர்'. சுமேரியர்கள் அம்பின் படத்தை 'உயிர்' என்ற சொல்லுக்குப் பயன்படுத்தினார்கள். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, 'தி'.

சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் குறியையும் இப்படியே படிக்கலாம் என்று முதலில் ஹீராஸ் பாதிரியாரும், பின்னர் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலாவும் முன்வைத்தார்கள். திராவிட மொழிகளில் 'மீன்' என்றால் நீரில் நீந்துவதும்தான், வானில் மின்னுவதும்தான். ஆறு கோடுகளோடு மீன் வந்தால் அறுமீன், அதாவது கார்த்திகைக் கூட்டம்; ஏழு கோடுகளோடு வந்தால் எழுமீன். இரண்டு சொற்களும் சங்கப் பாடல்களில் இருக்கின்றன. சிந்துவெளி எழுத்து எல்லாரும் ஏற்கும்படி இன்னும் படிக்கப்படவில்லை, அதனால் இது கருதுகோள் என்ற அளவில்தான் நிற்கிறது. இருந்தாலும் தமிழில் படப்புதிர் போடுகிறவருக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் இஸ்லிப் என்ற தலைவர் இருந்தார், 1532-ல் இறந்தவர். தன் பெயருக்கு அடையாளமாக ஒரு கண்ணையும் ('ஐ'), மரத்திலிருந்து வழுக்கி விழும் ஒரு மனிதனையும் ('ஸ்லிப்') கல்லில் செதுக்கி வைத்துக்கொண்டார். குறும்புக்கார மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நம் பக்கம் படம் இல்லாமல் இதே வேலை செய்யுளில் நடந்தது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், சித்திரகவியில் (எழுத்துகளையும் சொற்களையும் வைத்து விளையாடும் செய்யுள்) 'வினாவுத்தரம்' என்று ஒரு வகை சொல்கிறது. பல கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விடை. விடைகளை ஒட்டினால் ஒரு பெரிய விடை. பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். நான்கையும் சேர்த்தால் 'திருவேகம்பம்', காஞ்சியில் உள்ள சிவன் கோயில். சேர்ந்த இடங்களை ஒருமுறை பாருங்கள். திருவுக்கும் ஏகுவுக்கும் நடுவில் ஒரு வகரம் முளைத்தது. ஏகுவின் உகரமும் அம்புவின் உகரமும் காணாமல் போயின. தமிழில் படப்புதிர் போடுவதன் ரகசியம் முழுக்க அந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. கீழே வரும் படிகளில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: விடையிலிருந்து தொடங்குங்கள்

பலர் கையில் கிடைத்த படங்களை அடுக்கிப் பார்த்து ஏதாவது சொல் வருமா என்று தேடுவார்கள். பெரும்பாலும் வராது. முதலில் விடைச்சொல். எல்லாருக்கும் தெரிந்த பெயர்ச்சொல்லாக, நான்கு முதல் ஆறு எழுத்துக்குள் இருந்தால் நல்லது.

சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துப் பிரிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பிரியுங்கள். 'ஆடம்பரம்' என்று எழுதிவிட்டால் ஆ, ட, ம், ப, ர, ம் என்று ஆறு எழுத்துகள்தான் தெரியும். எங்கே வெட்டினாலும் அரைகுறையாக நிற்கும். மெதுவாகச் சொல்லுங்கள்: ஆட்… அம்ப்… அரம். 'ட' என்ற ஓர் எழுத்துக்குள் முதல் துண்டின் வாலும் இரண்டாம் துண்டின் தலையும் ஒளிந்திருக்கின்றன.

காதுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. உயிர்மெய்களை உடைத்து எழுதுங்கள்: ஆ, ட்+அ, ம், ப்+அ, ர்+அ, ம். இனி இடமிருந்து வலமாக வந்து ஒவ்வொரு வல்லின மெய்யிலும் நின்று, 'இதோடு ஓர் உகரத்தைச் சேர்த்தால் சொல் கிடைக்குமா?' என்று கேளுங்கள். ஆட் + உ = ஆடு. மிச்சம் அம்பரம். அம்ப் + உ = அம்பு. மிச்சம் அரம், இரும்பைத் தேய்க்கும் கருவி. ஆடு, அம்பு, அரம்: மூன்று படங்கள், ஆடம்பரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவை. இப்படி ஒரு சொல் முழுதாக உடைந்து கையில் வரும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே பலர் இதை விடாமல் செய்கிறார்கள்.

படி 2: ஒட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த புணர்ச்சி விதிகள் உண்மையாகவே உதவும் இடம் இது. நன்னூலை முழுக்கப் புரட்ட வேண்டியதில்லை. ஐந்து ஒட்டுகள் போதும்.

முதலாவது, எந்த மாற்றமும் இல்லாத நேர் ஒட்டு. கால் + வாய் = கால்வாய். ஒரு காலையும் ஒரு வாயையும் பார்த்தவருக்குத் தண்ணீர் ஓடும் கால்வாய் உடனே தோன்றாது. எளிது, ஆனால் இப்படி அமையும் சொற்கள் குறைவு.

இரண்டாவது, உகரம் ஓடுவது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்ற சூத்திரம் நினைவிருக்கலாம். பட்டு + ஆணி = பட்டாணி. முத்து + இரை = முத்திரை; தூண்டில் முள்ளில் நெளியும் புழுவை வரைந்தால் இரை. தமிழ்ப் படப்புதிர்களில் மிகுந்த பலன் தருவது இந்த ஒட்டுதான். கு, டு, து, பு, று என்று முடியும், எளிதில் வரையத்தக்க பெயர்கள் தமிழில் ஏராளம்: ஆடு, கூடு, காது, பந்து, பாம்பு, அம்பு, வண்டு, பட்டு, முத்து, ஆறு. எல்லாமே தன் வாலைக் கழற்றிக் கொடுத்து அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, மெய் இரட்டிப்பது. தனிக் குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும். முள் + அங்கி முள்ளங்கி ஆனது இதனால்தான். கண் + ஆடி = கண்ணாடி என்பதும் அப்படியே; நாட்காட்டியில் ஆடி மாதத் தாளைக் காட்டலாம். புதிர் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். 'நில்' என்று கை காட்டும் ஆளையும் 'ஆ' என்று திறந்த வாயையும் போட்டு 'நிலா' என்று விடை சொல்வார்கள். ஆனால் அது 'நில்லா' என்றுதான் ஒலிக்கும். வில் + அங்கு 'விலங்கு' ஆகாததும் இதனால்தான். நெடிலை அடுத்த மெய் இரட்டிக்காது. ஆகவே பேன் + ஆ = பேனா, தாராளமாகப் போடலாம்.

நான்காவது, உடம்படுமெய். இ, ஈ, ஐ என்று முடிந்தால் நடுவில் யகரம் வரும், மற்ற உயிர்களுக்கு வகரம். தலையணையில் நுழைந்த ய் அதுதான். புதிரைப் பார்ப்பவர் இதைத் தானாகவே நிரப்பிக்கொள்வார், எந்தக் குறிப்பும் தேவையில்லை. நாக்கு செய்யும் வேலை அது.

ஐந்தாவது, வல்லினம் மிகுவது. தும்பி + கை = தும்பிக்கை. இலையில் உட்கார்ந்திருக்கும் தும்பியையும் ஒரு கையையும் பார்த்து யானையை நினைப்பது லேசான வேலை இல்லை. ஆனால் மல்லி + கை என்றால் க் வராது, மல்லிகைதான். விதி எது என்று குழம்ப வேண்டாம். விடைச்சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் மிகுமா மிகாதா என்பது தெரிந்துவிடும். புதிரை அவிழ்க்கிறவரும் அதையேதான் செய்யப் போகிறார்.

படி 3: துண்டுகளைச் சேமித்து வையுங்கள்

தமிழில் ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. படமாக வரையவும் வேண்டும், இன்றைய வாசகருக்குத் தெரியவும் வேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு தேறும். ஈ, பூ, தீ, கை, பை, மை நிச்சயம். வா, போ, தா மூன்றையும் சைகையாக வரையலாம். நா சொன்னால் புரியும். கோ என்றால் அரசன் என்பதும் ஆ என்றால் பசு என்பதும் கொஞ்சம் படித்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு ஆ என்பதை மருத்துவரிடம் திறந்து காட்டும் வாயாக வரைந்துவிடுங்கள்.

இவற்றில் சில, சொல்லின் கடைசித் துண்டாக அற்புதமாக உதவும். கை என்று முடியும் சொற்களைப் பற்றி மேலே பார்த்தோம். மை அதற்குச் சளைத்ததில்லை: ஆ + மை = ஆமை, எரு + மை = எருமை. கோ + பை = கோப்பை.

பூவைக் குறிலாக்கத் தெரிந்துகொண்டால் ஒரு புதையலே திறக்கும். தலை + பூ, தலைப்பூ. கடைசி எழுத்தைக் குறுக்கினால் தலைப்பு. வாய் + பூ வாய்ப்பு ஆகும். படை + பூ படைப்பு, அணை + பூ அணைப்பு. கண்ணுக்குத் தெரியாத கருத்துகளைக் குறிக்கும் சொற்களில் பாதி '-ப்பு' என்றுதான் முடிகின்றன. அவற்றை வரையவே முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்தோம், ஒரு பூ எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஈயும் இப்படித்தான். பல் + ஈ = பல்லி. நெல் + ஈ = நெல்லி.

கைக்கு வசப்படாத துண்டுகளும் உண்டு. '-அம்', '-தல்', '-அன்' போன்ற ஈறுகளுக்குப் படம் கிடையாது. அங்கே வலிந்து எதையாவது வரைவதைவிட எழுத்தையே அச்சிட்டுவிடுவது கண்ணியம். ஒரு புதிருக்கு ஓர் அச்செழுத்து வரை பொறுத்துக்கொள்ளலாம்.

படி 4: படத்துக்கு ஒரே பெயர் இருக்கட்டும்

நீங்கள் கோப்பை என்று நினைத்து வரைந்ததை ஒருவர் 'கப்' என்பார், இன்னொருவர் 'டம்ளர்' என்பார். புதிர் அவிழாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதே குழப்பத்தைச் சாதகமாகவும் ஆக்கலாம்: கப் + பல் = கப்பல். நாம் பேசும்போது கலந்து பேசும் சொற்களைப் புதிரில் விலக்கி வைக்கக் காரணமே இல்லை.

சோதனை எளிது. ஒவ்வொரு படத்தையும் தனியாக, விடை தெரியாத ஒருவரிடம் காட்டி 'இது என்ன?' என்று மட்டும் கேளுங்கள். முதல் பதிலாகவோ இரண்டாவது பதிலாகவோ உங்கள் சொல் வரவில்லை என்றால் படத்தை மாற்ற வேண்டும். பறவையைக் காட்டினால் காக்கை என்பார்கள், காக்கையைக் காட்டினால் பறவை என்பார்கள். இன்ன பறவை என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு வரைய வராவிட்டால் அந்தத் துண்டையே விட்டுவிடுங்கள்.

உறுப்பைக் குறிக்க முழு உருவத்தை வரைந்து அம்புக்குறி போடும் பழக்கம் உண்டு. 'அம்பு' ஒரு துண்டாக வரும் புதிரில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், எல்லாரும் குழம்புவார்கள். வட்டமிட்டுக் காட்டுங்கள்.

செல்பேசியில் எமோஜி வைத்துப் புதிர் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒரே எமோஜி எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி இருக்காது. 2016-ல் ஆப்பிள் தன் துப்பாக்கி எமோஜியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியபோது, ஒருவர் அனுப்பியது ஒன்றாகவும் மற்றவர் பார்த்தது வேறாகவும் இருந்தது. திரையைப் படம்பிடித்துப் படக்கோப்பாக அனுப்பிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

படி 5: குறிகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

கூட்டல் குறி எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றை ஒரு வரியில் விளக்கிவிட்டுத் தொடங்குவது நியாயம்.

நெடிலைக் குறிலாக்க வேண்டும் என்றால் படத்தின் கீழே 'குறில்' என்று எழுதலாம், அல்லது ஒரு சின்னக் கோடு போட்டு அதன் பொருளை முன்பே சொல்லிவிடலாம். பாம்பு + அரம் = பாம்பரம்; பாம்பின் கீழே கோடு இருந்தால் பம்பரம். கை + தீ, தீயின் கீழே கோடு: கைதி. இது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால், சித்திரகவியில் 'மாத்திரைச் சுருக்கம்' என்றே ஒரு வகை இருக்கிறது என்று சொல்லி வாயை அடைக்கலாம்.

எழுத்தை நீக்குவதற்குப் படத்தின் கீழே சொல்லின் எழுத்து எண்ணிக்கைக்குச் சமமாகக் கட்டங்கள் போட்டு, நீக்க வேண்டிய கட்டத்தை அடித்துவிடுங்கள். குதிரைக்கு நான்கு இல்லை, மூன்று கட்டம். முதல் கட்டத்தை அடித்தால் திரை. சித்திரகவியில் இதற்கும் ஒரு சகோதரன் இருக்கிறான், அக்கரச்சுதகம். மாற்றுவதானால் அடித்த கட்டத்துக்கு மேலே புதிய எழுத்து: கடிகாரத்தில் 'கடி'யை அடித்து 'அதி' என்று எழுதினால் அதிகாரம். குயிலின் கு-வுக்குப் பதில் வெ போட்டால் வெயில். அதே இடத்தில் மயிலை வரைந்து ம-வை அடித்தாலும் வெயில்தான், ஆகவே வரைய எளிதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் எண்ணும்போது மெய்யும் ஓர் எழுத்து என்பது நினைவிருக்கட்டும். முள்ளங்கிக்கு ஐந்து கட்டம். கணினி நிரலை எண்ணச் சொன்னால் அது ஒன்பது என்று சொல்லக்கூடும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளியும் உகரக் கொக்கியும் இகரக் கொக்கியும் தனித்தனிக் குறிகள். இணையத்தில் புதிர் விளையாட்டு எழுதுகிறவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

திருப்பிப் படிப்பது ஆங்கிலப் புதிர்களில் சகஜம். தமிழில் அரிதாகத்தான் ஒத்துவரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை, ஆனால் முடிவில் அவையும் அவற்றின் உயிர்மெய்களும் குவிந்து கிடக்கின்றன. தலையைத் திருப்பினால் 'லைத'. வாசியைத் திருப்பினால் சிவா வருகிறது, அதுபோல் விரல் விட்டு எண்ணத்தக்க சிலவே அகப்படும். நேரத்தை அதில் செலவிட வேண்டாம்.

படி 6: நிறம், அளவு, எண்ணிக்கை

படமும் மாறாமல் குறியும் இல்லாமல் சொல்லைக் கூட்டும் வழிகள் இவை. கல்லுக்குச் சிவப்பு நிறம் பூசினால் செங்கல். வெள்ளை நிறத்தில் ஒரு கப்பல் வரைந்தால் வெண்கலம். கலம் என்றால் கப்பலும்தான் என்று தெரிந்தவருக்கு இது விருந்து. 'கதை' என்ற சொல்லைப் பக்கத்தின் நடுவில் பொடி எழுத்தில் எழுதிவைத்தால் சிறுகதை. 'சாலை' என்பதை இழுத்து நீட்டினால் நெடுஞ்சாலை. ஒரு தலையைக் கவிழ்த்து வரைந்தால் தலைகீழ்.

எண்ணிக்கையில் கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டு கைகளை வரைந்து 'இருக்கை' என்று சிலர் விடை வைப்பார்கள். எண்ணாகப் பார்த்தால் அது 'இருகை'தான், க் மிகாது. எனக்கு இது பிடிக்கவே செய்கிறது, ஆனால் இலக்கணம் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் விவாதம் புதிரைவிட நீளும்.

படி 7: காதுக்கு எவ்வளவு சலுகை?

ர, ற இரண்டையும் ன, ண இரண்டையும் பேச்சில் பலரும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். ஆகவே 'அறை' என்ற படத்தை 'அரை' என்ற ஒலிக்குப் பயன்படுத்துவது பொதுவாக ஏற்கப்படும். ல, ள, ழ குழப்பத்துக்கு நான் இடம் கொடுப்பதில்லை. பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிட்டால் அப்புறம் எதைத்தான் புதிர் என்பது? உங்கள் கொள்கை எதுவானாலும் ஒரு தொகுப்பு முழுவதும் ஒரே மாதிரி இருக்கட்டும். எழுத்து கற்கும் பிள்ளைகளுக்குப் போடும் புதிர்களில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். தப்பான எழுத்து மனதில் பதிந்துவிடும்.

வேற்றுமை உருபுகளோடு முழு வாக்கியமே புதிராக அமைக்க ஆசை வரும். '-இல்' என்பதற்கு ஒரு வீடு, '-ஆல்' என்பதற்கு விழுது தொங்கும் ஆலமரம் என்று வரையலாம், 'இல்' என்றால் வீடு என்று எல்லாருக்கும் தோன்றாவிட்டாலும். ஒரு வாக்கியத்துக்கு மேல் போனால் பார்ப்பவர் களைத்துவிடுவார்.

கடைசியாக ஒரு சோதனை. முழுப் புதிரையும் விடை தெரியாத மூவரிடம் காட்டி, பேசாமல் உட்கார்ந்து கவனியுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் வெகுநேரம் ஒருவருக்கும் வராவிட்டால், குறை பெரும்பாலும் ஒட்டில் இருக்காது, படத்தின் பெயரில் இருக்கும். பார்த்த நொடியில் மூவருமே சொல்லிவிட்டால், படங்களில் ஒன்று பொருளைக் காட்டிக் கொடுக்கிறது என்று அர்த்தம்; அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அவிழ்க்கிறவருக்கு

படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை வராது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு, எல்லாச் சேர்க்கைகளையும் வேகமாக, திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லுங்கள். வேகம் முக்கியம். மெதுவாகச் சொன்னால் 'பட்டு, ஆணி' என்று இரண்டாகவே நிற்கும். வேகமாகச் சொல்லும்போதுதான் உகரம் தானே உதிரும். தனியாக மனதுக்குள் முயல்வதைவிடப் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. உங்கள் வாயிலிருந்து விழும் சொல் பல நேரம் அடுத்தவர் காதில்தான் முதலில் பிடிபடும்.

கை பழக ஆறு புதிர்கள்

1. ஒரு வாய், பக்கத்தில் 'கொடு' என்று நீட்டிய கை. (3 எழுத்து. நீதிமன்றத்தில் கேட்கும் சொல்.)

2. பளபளக்கும் பட்டுத் துணி. நான்கு சுவர்களுக்குள் ஓர் அறை.

3. பறவையின் கூடு; மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு இழுத்த வட்டம்.

4. மாணவர்களுக்கு நடுவில் அமர்ந்த தாடிக்காரர். ஓர் ஈ, கீழே குறில் கோடு. (3 எழுத்து.)

5. வேறெதுவும் இல்லாமல் மூன்று கால்கள். (ஓர் எண்.)

6. ஒரு காது, விழுதுகளோடு ஓர் ஆலமரம், கீழே குறில் கோடு.

விடைகள்: வாய்தா, பட்டறை, கூடாரம் (வட்டத்தின் ஆரம்), குருவி, முக்கால், காதல்.